படுத்திருக்கும் காலுக்குக் கரண்ட் வைத்தால் நடை வருமா?

"தம்பி, அப்பாவுக்கு ஒரு பத்து நிமிசம் கரண்ட் வைச்சு விடுங்கோவன்." பாரிசவாதம் வந்தவரைக் கூட்டிவரும் பிள்ளைகள் இயன்மருத்துவரான என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். கேட்பதில் பிழையில்லை. ஆனால் கட்டிலில் படுத்திருப்பவரின் காலுக்குக் கரண்ட் வைப்பது வேறு, அவர் அடியெடுத்து வைக்கும் நேரம் பார்த்து வைப்பது வேறு. நடைக்கு உதவுவது இரண்டாவதுதான்.

பாரிசவாதத்துக்குப் பிறகு பலருக்குப் பாதத்தின் முன்பக்கம் தூக்காது. அதைச் சமாளிக்க இடுப்பை உயர்த்தி, காலை வெளிப்பக்கமாக வீசி நடப்பார்கள். முற்றத்து மணலில் பெருவிரல் இழுபட்ட கோட்டைப் பார்த்தே எந்தக் கால் என்று சொல்லிவிடலாம். வாசற்படி, வயல் வரம்பு, கிறவல் றோட்டு என்று தடக்கி விழ எங்கள் பக்கம் இடத்துக்கா பஞ்சம்?

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாகத் தடவினால் ஒரு எலும்பு முனை கையில் தட்டுப்படும். பாதத்தைத் தூக்கவைக்கும் நரம்பு அதைச் சுற்றித்தான் போகிறது. அங்கே கரண்ட் கொடுக்கும் ஒரு ஒட்டுப்பட்டை, கொஞ்சம் கீழே முன்தசையில் இன்னொன்று, சப்பாத்துக்குள் குதியடியில் சின்ன சுவிட்ச். குதி எழும்பியதும் கரண்ட் போய்ப் பாதம் தூக்கும். குதி ஊன்றியதும் நின்றுவிடும். 1961இலேயே அமெரிக்காவில் லிபர்சன் என்ற மருத்துவர் இந்த முறையை எழுதி வெளியிட்டார். வீட்டு மின்சாரத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை, பற்றரியில் ஓடும் மெசின். பட்டை சற்று விலகினாலே பாதம் உட்பக்கம் திரும்பும், அப்படி ஊன்றினால் கணுக்கால் பிரளும். அதனால் சரியான இடம் பிடிக்கவே முதல் நாள் நேரம் எடுக்கும். வரும்போது தைலம் பூசிக்கொண்டு வராதீர்கள், பட்டை ஒட்டாது.

வன்னியில் இன்னொன்றும் உண்டு. ஷெல் காயத்தில் நரம்பு அறுந்து பாதம் தொங்கியவர்களும் இதே மெசினைக் கேட்டு வருகிறார்கள். பாரிசவாதத்தில் பழுது மூளையில். காலுக்கு வரும் நரம்பு உயிரோடு இருப்பதால்தான் கரண்டுக்குத் தசை அசைகிறது. நரம்பே அறுந்தவருக்கு இது பயன்படாது. பழைய காயமும் புதிய பாரிசவாதமும் ஒரே காலில் இருந்தால், முதலில் நரம்பைச் சோதிக்க வேண்டும். உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் எந்த இடம் என்று சொல்லுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுவாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், கட்டுப்படாத வலிப்பு, காலில் இரத்தக்கட்டி, கர்ப்பம் இருந்தால் மறைக்கவே வேண்டாம். சீனி வருத்தத்தால் கால் மரத்தவருக்குத் தோல் எரிந்தாலும் தெரியாது. பட்டையைக் கழற்றியதும் வீட்டார் பார்க்க வேண்டும். சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறையாவிட்டால் நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள்.

சரி, நகையை அடைவு வைத்தாவது இந்த மெசினை வாங்கத்தான் வேண்டுமா? என்னைக் கேட்டால், அவசரப்பட வேண்டாம். கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்றோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் நடை வேகம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரேயளவில்தான் கூடியது. ஸ்பிளின்ற் மலிவு, சார்ஜ் போடவும் தேவையில்லை. மெசினில் பாதம் தானாகத் தூக்குவதால் சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. ஆனால் நாங்கள் வீட்டுக்குள்ளும் கோயிலிலும் வெறுங்காலோடு நடக்கிற ஆட்கள்; குதிச் சுவிட்ச் வைக்கச் சப்பாத்து வேண்டும். முழங்காலுக்குக் கீழே கட்டும் பட்டியே காலின் சரிவை உணர்ந்து இயங்கும் வகைகளும் இருக்கின்றன. எதுவானாலும், காசு கொடுக்கமுன் இயன்மருத்துவர் ஒருவர் முன்னிலையில் கட்டி நடந்து பாருங்கள், வெறுங்காலோடும்.