கரண்டகத்துச் சுண்ணாம்பும் காரைக்குடிச் சுவரும்

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "ஒருத்தர் கம்பி துருப்பிடிப்பதை ஆராய்கிறார். இன்னொருத்தர் ஐரோப்பாவில் பழைய தேவாலயச் சாந்துக்கு வயது பார்க்கிறார். வேறொருத்தர் சிமெண்ட் எவ்வளவு கரியமில வாயுவை விழுங்குகிறது என்று கணக்குப் போடுகிறார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இதற்கெல்லாம் எதற்கு சார் காசு?"

சம்பந்தம் இருக்கிறது, தம்பி. அது என் அப்பத்தாவின் கரண்டகத்துக்குள் இருந்தது.

கரண்டகம் என்பது வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு வைக்கும் சின்னச் சிமிழ். மூட மறந்தால் மேலே வெள்ளைப் பொருக்கு கட்டிவிடும். "காத்துப் பட்டுருச்சு" என்று அப்பத்தா அதைச் சுரண்டி எறிவார். ஈரம் காய்ந்துவிட்டது என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம் போகாத அப்பத்தா சொன்னதுதான் சரி. வேலையைச் செய்தது காற்று.

பள்ளிப் பாடத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. சூளையில் பிரிந்துபோனது சுவரில் வந்து சேர்கிறது, அவ்வளவுதான். 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு முழுதும் இறுகினால் 100 கிலோ கல். அதற்காக 44 கிலோ வாயுவை உள்ளே இழுத்து, 18 கிலோ தண்ணீரை வெளியே விடும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்து வீடுகளில் கண்ணாடிபோல வழவழக்கும் சுவரைத் தடவிப் பார்த்தவர்கள் முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் என்று ஆரம்பிப்பார்கள். அவற்றுக்கும் பங்கு உண்டு. சீனத்தில் அரிசிக் கஞ்சி கலந்த பழைய சாந்தை ஆராய்ந்தவர்கள், கஞ்சியில் உள்ள மாவுப்பொருள் சுண்ணப் படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல் பொடிசாக, நெருக்கமாக வைத்திருப்பதைக் கண்டார்கள். ஆனால் முட்டையே சுவரைத் தாங்குகிறது என்பது பெருமைப் பேச்சு. சுவரை இறுக்குவது காற்று. அதில் கரியமில வாயு இருப்பதோ வெறும் 0.04 சதவீதம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. அந்த வாயு சுவருக்குள் எப்படிப் போகிறது?

ஒரு செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தெருவில் வாசல், பின்கட்டு அடுத்த தெருவில். முதலில் வருகிறவர்கள் முகப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். முகப்பு நிறைந்தபின் வருகிறவர்கள் அதைத் தாண்டி வளவுக்கு (உள்முற்றத்துக்கு) போகவேண்டும். அதற்கப்புறம் வருகிறவர்களுக்கு இரண்டாம் கட்டு. ஒவ்வொரு விருந்தாளிக்கும் முன்னவரைவிட நடை கூடுதல். சுவரிலும் இதே கதைதான். மேற்பரப்பில் இருக்கும் சுண்ணாம்பு முதலில் கல்லாகிவிடும். பின்னால் வரும் வாயு அந்தக் கல்லின் நுண்துளைகளில் புகுந்து இன்னும் இறுகாத இடத்தைத் தேடிப் போகவேண்டும். அதனால் ஆழம் இரண்டு மடங்காக, காலம் நான்கு மடங்காகும். முதல் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து வருடம் ஆகியிருந்தால், இரண்டாவது சென்டிமீட்டர் முடிய நாற்பதாவது வருடம் வரை காத்திருக்கவேண்டும்.

இதில் தண்ணீரின் வேலை விசித்திரமானது. வாயு முதலில் நீரில் கரைந்தால்தான் சுண்ணாம்போடு சேரும். சுவர் சட்டென்று காய்ந்துவிட்டால் இறுகாமல் பொடியாக உதிரும். துளை முழுக்கத் தண்ணீர் நின்றாலும் ஆகாது. தண்ணீருக்குள் இந்த வாயு நகர்வது காற்றில் நகர்வதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. நனைந்தும் நனையாமலும் இருக்கவேண்டும். சுண்ணாம்புச் சாந்து பூசியபின் கொத்தனார் விடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

சரி, இதே விருந்தாளி கான்கிரீட்டுக்குள் போனால்? சிமெண்டிலும் நீற்றுச் சுண்ணாம்பு உருவாகிறது. அதன் காரத்தன்மையில்தான் (பிஎச் 13ஐ ஒட்டி) உள்ளே இருக்கும் கம்பிமேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலம் நிற்கிறது. கரியமில வாயு கம்பிவரை போய்ச் சேர்ந்ததும் பிஎச் 9க்குக் கீழே இறங்கும், படலம் கலையும், துரு தொடங்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும் என்பதால் காரை வெடித்து விழும். சுண்ணாம்புச் சுவரைக் காப்பாற்றும் அதே வேதிவினை கம்பி போட்ட தளத்தைக் கெடுக்கிறது. "முன்னோர் ரகசியம், நவீன விஷம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சுக்குள் கம்பி இல்லை.

கம்பி துருப்பிடிப்பதை ஆராயும் இடம் காரைக்குடியிலேயே இருக்கிறது. நாம் சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள்.

தேவாலயச் சாந்துக்காரரும் இதே கதையைத்தான் படிக்கிறார். சாந்து இறுகும்போது அந்த வருடத்துக் காற்றிலிருக்கும் கதிரியக்கக் கார்பனும் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. அது வருடம் போகப்போகக் குறைந்துகொண்டே வரும்; மிச்சத்தை அளந்தால் சுவர் எழும்பிய காலம் தெரியும். ஃபின்லாந்தின் ஓலாந்துத் தீவுகளில் இடைக்காலத் தேவாலயங்களுக்கு இப்படி வயது பார்த்திருக்கிறார்கள். சூளையில் சரியாக வேகாத கல் கலந்திருந்தால் வயது தாறுமாறாகக் கூடிவிடும், அது தனித் தலைவலி. பருவநிலைக்காரருக்கு இதே வினை வரவு செலவுக் கணக்கு. 1930 முதல் 2013 வரை, சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல் சிதைந்து வெளிவிட்ட வாயுவில் (எரிபொருள் புகை சேராமல்) சுமார் 43 சதவீதத்தைக் கட்டடங்களே திரும்ப உறிஞ்சிவிட்டன என்று 2016இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

மூன்று பேருக்கும் மூன்று துறை, மூன்று நிதி விண்ணப்பம். "நாட்டுக்கு இதனால் என்ன பயன்" என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்குமே, அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். தேவாலயச் சாந்தைத் தோண்டுகிறவர் அதில் எங்கள் வீட்டு மொட்டைமாடியைப் பற்றி என்ன எழுத முடியும்?

எண்பதுகளில் போட்ட அந்தத் தளத்திலிருந்து போன மழையில் ஒரு துண்டு விழுந்தது. கட்டிக்கொடுத்தவர் கம்பிக்குக் கீழே அரை அங்குலம்கூடக் காரை விடவில்லை. வாயு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கச் சோதனைச்சாலையில், காரம் பட்டால் நிறம் மாறும் பினால்ப்தலீன் என்ற கரைசலைத் தெளிப்பார்கள். என்னிடம் மஞ்சள் தூள்தான் இருந்தது. ஆரத்தித் தண்ணீர் சிவக்கும் அதே சங்கதி. திருஷ்டி கழிகிறதோ இல்லையோ (எனக்கு நம்பிக்கையில்லை), காரத்தைக் காட்டிக்கொடுக்கும். மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து, புதிதாக உடைத்த முகத்தில் தடவினேன். கூடவே பழைய வளவில் உதிர்ந்த பூச்சு ஒரு சில்லு.

பழைய சில்லு முழுக்க மஞ்சளாகவே நின்றது. கான்கிரீட் துண்டு, கம்பி கிடந்த தடம் வரைக்கும் மஞ்சள். அதற்கு அப்பால் ஆரத்திச் சிவப்பு.