கன்னைப் புத்தி

எங்கள் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் பேப்பரை விரித்துச் செய்தி வாசித்தால், வாங்கிலில் இருப்பவர்களிடமிருந்து முதலில் வருவது "என்ன சொன்னவர்?" என்ற கேள்வி அல்ல. "ஆர் சொன்னது?" பெயர் விழுந்ததும் பாதிப்பேருக்கு அது அருமையான திட்டம், மீதிப்பேருக்குச் சுத்த ஏமாற்று. செய்தியோ இன்னும் இரண்டாம் பந்திக்கு வரவில்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் பேச்சு எழுந்த காலத்தில் இதை நிறையப் பார்த்தோம். கமக்காரர் கேட்டது சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கை. வாங்கிலில் நடந்ததோ எந்தக் கட்சி எந்தப் பக்கம் என்ற விசாரணை.

ஆங்கிலத்தில் இந்தக் குணம் உள்ளவரை 'நீ-ஜெர்க் பார்ட்டிசன்' (knee-jerk partisan) என்பார்கள். முதற்பாதி வைத்தியரின் சுத்தியலில் பிறந்தது. முழங்காற்சில்லுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறும். 1875 இல் ஏர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் இதை எழுதி வைத்தார்கள். தட்டிய சேதி முள்ளந்தண்டுக்குள் இருக்கும் முண்ணாண் வரை போய் அங்கிருந்தே திரும்பிவிடும், மூளையின் உத்தரவுக்குக் காத்திருக்காது. இந்தியாவில் இதை அனிச்சைச் செயல் என்கிறார்கள். நம் பள்ளிக்கூடத்தில் படித்தது தெறிவினை. எனக்குத் தெறிவினைதான் பிடிக்கும், சொல்லுக்குள்ளேயே கால் உதறுகிறது.

பார்ட்டிசன் என்றால் ஒரு பக்கத்தை விடாமல் ஆதரிப்பவர். அதன் வேர், 'பகுதி' என்று பொருள்படும் லத்தீன் சொல். இத்தாலி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

தமிழில் கட்சி என்பதற்கு ஒரு பழைய வாழ்வு உண்டு. புறநானூற்றின் 202ஆம் பாட்டில், வேட்டுவர் துரத்த ஒதுங்கக் 'கட்சி காணாமல்' ஓடும் காட்டு ஏறு ஒன்றைக் கபிலர் காட்டுகிறார். அங்கே கட்சி என்றால் புகலிடம். பறவைக் கூட்டுக்கும் அந்தப் பெயர் உண்டு. இன்றைய அரசியல் கட்சி வேறு வழியில், வடமொழியிலிருந்து வந்தது. பழைய அச்சில் 'கக்ஷி' என்றே இருக்கும். வழக்காடும் பக்கத்தாரைக் கட்சிக்காரர் என்பது அந்த உறவில்தான். இருந்தாலும் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் சின்னம் வீடாக அமைந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். புகலிடம் தேடி உள்ளே போனவர் எளிதில் வெளியே வருவாரா?

சரி, இந்தப் புத்திக்குத் தமிழ் என்ன? செய்திகளில் பக்கச்சார்பு என்று எழுதுகிறார்கள். காசு வாங்கிய நடுவருக்கும் அது பொருந்தும், அவர் யோசித்துத்தான் சாய்கிறார். கட்சிப்பற்று மரியாதையான சொல், கட்சிவெறி வசைச்சொல். யோசிக்காமலே சாய்வது என்பது மூன்றிலும் விழவில்லை.

நம்மிடம் கன்னை இருக்கிறது, விளையாட்டில் பிரியும் அணிக்கு நாம் சொல்லும் பெயர். கோடு கீறி மறித்து விளையாடும் கிளித்தட்டுக்கு முன் கன்னை பிரிப்போம். பிரித்த கணத்திலிருந்து எதிர்க்கன்னை செய்வதெல்லாம் அளாப்பல் (ஏமாற்று), நம் கன்னை செய்வதெல்லாம் நியாயம். காலையில் ஒரே சைக்கிளில் வந்த இரண்டு பேர் பின்னேரம் கோட்டை மிதித்தானா இல்லையா என்று சண்டை பிடிப்பார்கள். அதனால் 'கன்னைப் புத்தி' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: கிளித்தட்டில் அடுத்த நாள் கன்னையை மாற்றிப் பிரிப்போம்.

பேப்பரில் இந்தப் புத்தியைப் பிடிக்க வினைச்சொல்லைப் பார்த்தால் போதும். ஒரே பேச்சுக்கு நம்மவர் 'விளக்கினார்', மற்றவர் 'மழுப்பினார்'. நம்மவர் கட்சி மாறினால் 'இணைந்தார்', மற்றவர் மாறினால் 'தாவினார்'. எழுதியவர் வேண்டுமென்று செய்தார் என்று சொல்லமாட்டேன். கை தானாக உதறியிருக்கும்.

இலங்கையின் 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் வன்னி மாவட்டத்தின் 6 ஆசனங்களை ஐந்து கட்சிகள் பகிர்ந்துகொண்டன. கடை வாங்கிலில் இன்னும் இரண்டு கன்னைதான். ஒருவர் இரண்டு பக்கத்திலும் பிழை சொல்லிவிட்டு எழும்பிப் போனால், அவர் படலை தாண்டியதும் கேட்பார்கள்: "உண்மையில இவர் ஆரின்ரை ஆள்?"