குப்பைத் தொலைநகல்

காலையில் அலுவலகத்தைத் திறந்தால் ஃபேக்ஸ் எந்திரத்தில் தாள் தீர்ந்ததற்கான விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். தட்டில் சுற்றுலா, உடனடிக் கடன், டோனர் விற்பனை என்று பத்துப் பக்கம் கிடக்கும். (நம் டோனரைத் தீர்த்துவிட்டு நமக்கே டோனர் விற்க வருகிற துணிச்சலை என்னவென்று சொல்ல!) வாடிக்கையாளர் அனுப்பிய ஆர்டர் மட்டும் வந்திருக்காது. இந்தத் தாள்களுக்குத்தான் 'ஜங்க் ஃபேக்ஸ்' என்று பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஃபேக்ஸ் என்பது 'ஃபாக்சிமிலி'யின் சுருக்கம். லத்தீனில் 'ஃபாக்' என்றால் செய். 'சிமிலே' என்றால் போன்றது. 'அதைப் போலவே செய்' என்று ஏவுகிற சொல். கருவி தொலைபேசிக்கும் மூத்தது: அலெக்சாண்டர் பெயின் 1843-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

'ஜங்க்' கப்பல்காரர்களின் சொல். நைந்துபோன பழைய கயிற்றுத் துண்டுக்கு அந்தப் பெயர். அதைத் தூக்கி எறியமாட்டார்கள். நாராகப் பிரித்துப் பலகை இடுக்குகளில் அடைப்பார்கள். அப்புறம்தான் பழைய சாமான், உதவாதது என்று பொருள் இறங்கியது. நம் 'குப்பை'யும் அப்படி இறங்கி வந்ததுதான். பழந்தமிழில் அதற்குக் குவியல் என்றே பொருள். களத்து நெல்லையும் குப்பை என்றார்கள். ஆக, ஜங்குக்குக் குப்பை நல்ல ஜோடி.

ஃபேக்ஸுக்குத் 'தொலைநகல்' நிலைத்துவிட்டது. 'நகல்' அரபியிலிருந்து உருது வழியாக வந்தது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சரி, 'தொலைப்படி' என்று வைத்தால்? வாசற்படி, அளக்கிற படி, பயணப்படி எல்லாம் கூடவே வந்து நிற்கும். தொலைநகலே இருக்கட்டும். வேண்டாத தாளைப் பார்த்ததும் வாயில் வருகிற 'தொலை'யும் அதில் இருக்கிறதே!

ஆனால் 'குப்பை' நம் எரிச்சலைச் சொல்கிறதே தவிர, தவறு எது என்று சொல்வதில்லை. அஞ்சலில் வரும் விளம்பரத்துக்கு அனுப்புகிறவர் செலவழிக்கிறார். தொலைநகலில் தாளும் மையும் பெறுகிறவருடையவை. வந்து முடியும்வரை இணைப்பும் அடைபட்டுக் கிடக்கும். அமெரிக்காவின் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத்தான் பிடித்தது. விளம்பரம் மட்டமானதா என்று அது பார்ப்பதில்லை. பெறுகிறவர் ஒப்புக்கொண்டாரா என்று கேட்கிறது. மீறல் ஒன்றுக்கு 500 டாலர் அல்லது உண்மையான இழப்பு, இரண்டில் எது அதிகமோ அதைக் கோரலாம். வேண்டுமென்றே செய்திருந்தால் நீதிமன்றம் அதை மூன்று மடங்குவரை உயர்த்தலாம்.

எனவே பேச்சில் குப்பைத் தொலைநகல் என்றே சொல்லுங்கள். புகாரில் 'ஒப்புதலின்றி அனுப்பிய விளம்பரத் தொலைநகல்' என்று எழுதுவதே சரி. 'கேளாத் தொலைநகல்' சுருக்கமானதுதான், ஆனால் காது கேளாததுபோல் ஒலிக்கிறது. இன்னொன்று: குப்பை என்ற நினைப்பில் தாளைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓடும் வரியில் நாள், நேரம், அனுப்பிய எண் இருக்கும். எந்திரத்தில் தடை செய்யவும் புகாரில் குறிப்பிடவும் அந்த எண்தான் வேண்டும்.