ஜாமீனை விடுதலை என்று சொன்ன நாள்

ஜூனியராகச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில் நடந்தது இது. அடிதடி வழக்கில் சிக்கிய ஓர் இளைஞனுக்கு ஜாமீன் உத்தரவானது. சீனியர் வேறொரு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் இருந்ததால், உத்தரவைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தது நான். வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவனுடைய தாயாரிடம், "அம்மா, உங்கள் பையன் விடுதலை ஆகிவிட்டான்" என்றேன். அவர் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து அந்த வீட்டுக்குப் பிடியாணையோடு போலீஸ் போனது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. விடுதலையான பையனுக்கு எதற்குச் சம்மன் என்று அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார் அந்த அம்மா. பையன் வெளியூரில் வேலையில் இருந்தான். இரண்டு வாய்தா தவறிப்போனது. சீனியர் என்னைத் திட்டவில்லை. "அன்றைக்கு அந்த அம்மாவிடம் என்ன வார்த்தை சொன்னாய்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பிடியாணையைத் திரும்பப் பெற மனு எழுதச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் சிலர் விடுமுறையில் என் அலுவலகத்துக்கு வந்து உட்காருவதுண்டு. எல்லோருக்கும் பயம் லத்தீன் சொற்கள்மீதுதான். 'மென்ஸ் ரியா' (குற்ற மனம்), 'ரெஸ் ஜுடிகாட்டா' (ஏற்கெனவே தீர்க்கப்பட்ட விவகாரம்) என்று எழுதி எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். என் அனுபவத்தில் அவை தொல்லை தராதவை. புரியாத சொல் என்று தெரிவதால் அகராதியைப் புரட்டிவிடுவோம். விடுதலை, எதிரி, கொள்ளை, நல்லெண்ணம் போன்றவைதான் காலை வாரும். சின்ன வயதிலிருந்து புழங்கிய சொற்கள் என்பதால் யாரும் பொருள் பார்ப்பதில்லை.

முதலில் நான் சறுக்கிய இடத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஜாமீன் அல்லது பிணை என்பது காவலிலிருந்து நிபந்தனையோடு வெளியே விடுவது. குற்றம் செய்தானா இல்லையா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜாமீன் என்ற சொல்லுக்கு வரையறையே தரவில்லை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 2ஆம் பிரிவு முதல் முறையாக வரையறுக்கிறது. ஜாமீனில் வந்தவர் போதிய காரணமில்லாமல் நீதிமன்றத்துக்கு வராமல் போனால் அதுவே தனிக் குற்றம்; பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 269இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

விடுவிப்பு வேறு. குற்றப்பத்திரிகையோடு வந்த ஆவணங்களைப் பார்த்து, இந்த மனிதர்மீது வழக்கு நடத்தவே போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் விசாரணைக்கு முன்பே அனுப்பிவிடுவது அது. சாட்சிகளை விசாரித்து, வாதம் கேட்டு, குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்புச் சொன்னால்தான் விடுதலை. விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தக் காப்பு முழுமையாக இல்லை. புதிய ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்பி வரலாம். கைதி வீட்டுக்கு வருவது மூன்றிலும் ஒன்றுதான். வீட்டாருக்குக் கண்ணில் படுவதும் அது மட்டும்தான்.

'எதிரி' என்ற சொல்லையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்றங்களில் தமிழில் எழுதப்படும் ஆவணங்களில் குற்றம் சாட்டப்பட்டவரைப் பெரும்பாலும் எதிரி என்றே குறிப்பிடுவார்கள். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசை எண்ணோடு வரும். தன் கணவர் பெயருக்கு முன்னால் அதைப் பார்த்த ஒரு பெண், "இவர் யாருக்கு எதிரி சார்? அந்தக் குடும்பத்தோடு எங்களுக்குப் பகையே கிடையாதே" என்று என்னிடம் கேட்டார். வழக்கின் எதிர்த் தரப்பு என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. நீதிமன்றம் தண்டிக்கும்வரை யாரும் குற்றவாளி ஆவதில்லை என்று சொல்லும் சட்டம், முதல் நாளிலேயே ஒருவருக்கு எதிரி என்று பெயர் வைப்பது எனக்கு இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. மாணவர்களாவது பேச்சில் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று முழுதாகச் சொல்லிப் பழகலாம்.

இன்னொரு சொல் 'ஜாமீனில் விட முடியாத குற்றம்'. இதைக் கேட்டவுடன் ஜாமீனே கிடையாது என்று பலர் இடிந்துபோய் உட்காருகிறார்கள். ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் ஜாமீன் கேட்பவரின் உரிமை. காவல் நிலையத்திலேயே கொடுத்தாக வேண்டும். மற்றதில் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. அவ்வளவுதான் வேறுபாடு. கொலை வழக்கிலும் ஜாமீன் கிடைத்திருக்கிறது. புலன்விசாரணையை 60 நாளுக்குள், கடும் தண்டனைக்குரிய குற்றமானால் 90 நாளுக்குள், முடித்து அறிக்கை தாக்கல் செய்யாவிட்டால், காவலில் இருப்பவர் கேட்டால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும்.

குற்றப்பத்திரிகையும் குற்றச்சாட்டும் ஒன்றல்ல. குற்றப்பத்திரிகை போலீஸ் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கை. அதைப் படித்துப் பார்த்து, இன்ன பிரிவில் உங்கள்மீது குற்றச்சாட்டு என்று நீதிமன்றம் எழுதுவதுதான் குற்றச்சாட்டு வனைதல். போலீஸ் பத்துப் பிரிவு போட்டிருந்தாலும் நீதிமன்றம் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதல் தகவல் அறிக்கை பெயருக்கேற்ப முதல் தகவல் மட்டுமே. அதை எடுத்துக் காட்டி "இதிலேயே எல்லாம் இருக்கிறதே" என்று வாதாட முடியாது. அந்தத் தகவலைக் கொடுத்தவரே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால்தான் சாட்சியம்.

செய்தித்தாள் நமக்குச் செய்யும் கேடு ஒன்று உண்டு. 'பூட்டிய வீட்டில் 30 பவுன் நகை கொள்ளை' என்று தலைப்பு வருகிறது. ஆளில்லாத வீட்டில் யாரை மிரட்டினார்கள்? சட்டத்தின் கண்ணில் அது வீட்டை உடைத்துத் திருடியது. திருட்டோ மிரட்டிப் பறித்தலோ நடக்கும்போது அடி, உதை, முறையின்றித் தடுத்து நிறுத்துவது, உடனடி மரண பயம் போன்றவற்றில் ஒன்று சேர்ந்தால்தான் கொள்ளை. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. நான்கு பேர் துப்பாக்கியோடு வந்தாலும் அது கூட்டுக்கொள்ளை ஆகாது. தேர்வில் இந்த எண்ணிக்கையை மறைத்து வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள்.

திருட்டிலேயே ஒரு வேடிக்கை உண்டு. தன் பொருளைத் தானே திருட முடியுமா? முடியும். பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதியதுக்கும் அப்படியே வந்திருக்கும் எடுத்துக்காட்டு இது: கைக்கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுக்கிறார் ஒருவர். கூலி பாக்கி. பாக்கி தீரும்வரை கடிகாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. அந்த ஈட்டை அவருக்கு இல்லாமல் ஆக்கும் நோக்கத்தோடு, அவருக்குத் தெரியாமல் சொந்தக்காரர் எடுத்துப் போனால் அது திருட்டு. திருட்டின் வரையறையில் 'உடைமையாளர்' என்ற சொல்லே இல்லை. ஒருவரின் சுவாதீனத்திலிருந்து, அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு அசையும் பொருளை நகர்த்துவது என்றுதான் இருக்கிறது. நகர்த்தினாலே போதும். கொண்டுபோக வேண்டியதுகூட இல்லை.

இந்தச் சுவாதீனம் என்ற சொல்லை ஒரு மாணவர் உண்மையாகப் புரிந்துகொண்டால் உரிமையியல் (சிவில்) பக்கம் பாதி கடந்த மாதிரி. நிலம் என்னுடையது என்பது பாத்தியதை. நிலம் என் கையில் இருக்கிறது என்பது சுவாதீனம். இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பத்திரம் வைத்திருப்பவர் ஆளைக் கூட்டி வந்து, உள்ளே குடியிருப்பவரைச் சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றினால், வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் பிரிவு 6 இது. அந்த வழக்கில் பத்திரம் யார் பெயரில் என்ற கேள்விக்கு இடமே இல்லை. "பத்திரம் என்னிடம் இருக்கிறதே சார்" என்று கேட்பவருக்கு இதைப் புரியவைக்க எனக்கு எப்போதும் அரை மணி நேரமாவது ஆகும்.

அடுத்து காலவரையறை, அதாவது வழக்குப் போடச் சட்டம் வைக்கும் கெடு. புரோநோட்டு எழுதிக் கடன் கொடுத்தவர், உறவுக்காரர்தானே, தருவார் என்று மூன்று ஆண்டு தாண்டி வருவார். நோட்டு அசல், கையெழுத்து அசல், கடனும் அசல். வழக்கு மட்டும் கிடையாது. எதிர்த் தரப்பு ஒரு வார்த்தை பேசாவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. தாமதத்தை மன்னிக்கும் 5ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் உரியது. மூல வழக்குக்குப் பொருந்தாது. ஆனால் கடன் செத்துவிடவில்லை. வழக்காடும் வழி மட்டுமே அடைபட்டிருக்கிறது. அதனால்தான் காலம் கடந்த கடனைத் தருகிறேன் என்று கடனாளி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25 அதைச் செல்லும் ஒப்பந்தமாக ஏற்கிறது. உரிமைக்கும் பரிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டும் வேறு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காரணங்களைச் சொல்வது தீர்ப்பு. யாருக்கு என்ன கிடைக்கிறது என்ற முடிவை முறையாக எழுதித் தருவது தீர்ப்பாணை. ஜெயித்தவர் அதை வைத்துத்தான் நிறைவேற்று மனுப் போட முடியும். பணத்துக்கான தீர்ப்பாணையானால் அதற்கு 12 ஆண்டு அவகாசம்.

நல்லெண்ணம் என்ற சொல்லில் அனுபவசாலிகளும் தடுக்கி விழுகிறார்கள். 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின்படி, கவனக்குறைவாகச் செய்திருந்தாலும் நேர்மையாகச் செய்தது நல்லெண்ணத்தோடு செய்ததே. தண்டனைச் சட்டத்துக்கு அது போதாது. உரிய எச்சரிக்கையும் கவனமும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது. ஒரே சொல்லுக்கு இரண்டு சட்டத்தில் இரண்டு பொருள். எந்தச் சட்டத்துக்குள் நிற்கிறோம் என்று பார்க்காமல் வாயைத் திறந்தால் நீதிபதி சிரித்துவிடுவார். என்னைப் பார்த்து ஒருவர் சிரித்திருக்கிறார்.

எண்களின் கதையும் இப்போது சொற்களின் கதை மாதிரியே ஆகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் தண்டனை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம் ஆகியவற்றுக்கான மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 420 என்று ஏமாற்றுக்காரரைத் திட்டுகிறோம். பாரதிய நியாய சன்ஹிதாவில் மொத்தமே 358 பிரிவுகள்தான், மோசடி 318இல் இருக்கிறது. கொலைக்குத் தண்டனை 302இலிருந்து 103க்குப் போய்விட்டது. கூட்டம் கூடத் தடை விதிக்கும் 144, புதிய நடைமுறைச் சட்டத்தில் 163. அங்கே 144 என்பது மனைவி, பிள்ளை, பெற்றோருக்கான ஜீவனாம்சம்! உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் குறித்த 482 இப்போது முன்ஜாமீன். பழைய 482 போய் நிற்கும் இடம் 528. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், இன்றைய மாணவருக்கு இரண்டு எண்ணும் தெரிய வேண்டும். உங்கள் நேரம் அப்படி.

சாட்சியச் சட்டத்தில் ஒரே ஒரு இடத்தைக் காட்டிவிடுகிறேன். ஒரு சங்கதி நிரூபிக்கப்பட்டிருக்கலாம், பொய்யென்று காட்டப்பட்டிருக்கலாம் என்று நாம் இரண்டைத்தான் நினைப்போம். சட்டம் மூன்றாவதாக ஒன்றை வைத்திருக்கிறது: நிரூபிக்கப்படவில்லை. உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்ற நிலை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்வது பெரும்பாலும் அந்த மூன்றாவது கட்டத்தில்தான். அப்படி விடுதலையானவர் மீதான புகார் பொய் என்று நீதிமன்றம் சொன்னதாகவும் ஆகாது. புகார் கொடுத்தவர் பொய்யர் என்றும் ஆகாது. இரண்டு குடும்பங்களும் இதைத் தவறாகவே புரிந்துகொண்டு வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் மாணவர்களிடம் நான் கொடுப்பது வழிகாட்டி நூல் இல்லை. வகுப்பில் 'பேர் ஆக்ட்' என்று சொல்லும் சட்டத்தின் மூல வாசகம்தான். இந்த மூன்று புதிய சட்டங்களிலும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் வரையறைகள் 2ஆம் பிரிவில் இருக்கின்றன. பொது வாசகங்கள் சட்டத்தில் 3ஆம் பிரிவு. ஒரு நாளைக்கு நான்கு வரையறை போதும். ஒவ்வொன்றையும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, சட்டம் படிக்காத ஒருவருக்குச் சொல்வது போலத் தமிழில் ஒரு வரி எழுதச் சொல்வேன். போன வாரம் வந்த மாணவி ஜாமீனுக்கு எழுதியது: 'வழக்கு முடியவில்லை, கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும், அதுவரை வீட்டில் இருக்கலாம்.' அந்தத் தாளை வாங்கி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.