காய்ச்சலுக்கு விடை இடுப்பு மடிப்பில் இருக்கலாம்

ஐப்பசி மழை இறங்கி, கண்மாயில் தண்ணீர் சேர்ந்து, வரப்பெல்லாம் புல் மண்டிவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் காய்ச்சல்காரர்களின் வரிசை நீளத் தொடங்கும். டெங்கு, டைபாய்டு, 'வைரல்' என்ற மூன்று பெயர்களும் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். தெரியாத நான்காவது ஒன்றும் அங்கேயே நிற்கிறது. மருத்துவர்கள் அதை ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வரும். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று வயலும் புதரும் அடுத்தடுத்துக் கிடக்கிற ஊர்க்காரர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நோய் பலருக்குத் தன் அடையாளத்தை உடம்பின் மேலேயே வைத்துவிட்டுப் போகிறது. விலை மலிவான மாத்திரையில் குணமாகிறது. அப்படியிருந்தும் ஆட்களைக் கொல்கிறது, காரணம் அந்த அடையாளத்தை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

நோயை உண்டாக்குவது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா. அதை மனித உடம்புக்குள் கொண்டுவந்து சேர்ப்பது, பயிரில் விழுகிற சிலந்திப்பேனுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு குட்டிப் பூச்சியின் குஞ்சு. சிகர் என்பார்கள். நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் தொங்குகிற உண்ணி வேறு, இது வேறு. அந்த உண்ணியைக் கண்ணால் பார்த்துப் பிடுங்கிப் போடலாம். சிகர் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால்தான் 'என்னை எந்தப் பூச்சியும் கடிக்கலையே' என்று நோயாளிகள் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. கடித்ததே தெரியாது.

இந்த உயிரின் வாழ்க்கை வினோதமானது. வளர்ந்த பிறகு மண்ணுக்குள் சின்னப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்றுகொண்டு, யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருந்துவிடும். ஆறு கால்களோடு முட்டையிலிருந்து வெளிவருகிற குஞ்சுப் பருவத்தில் மட்டும் ஒரே ஒரு தடவை ஏதாவதொரு பிராணியின் உடம்பில் ஒட்டியாக வேண்டும். பெரும்பாலும் அது எலியின் காது மடலில் ஒட்டும். எலிக்குப் பதிலாக நாம் குறுக்கே போனால் நம்மேல் ஏறிக்கொள்ளும். அது குடிப்பது ரத்தமில்லை; எச்சிலால் தோலின் திசுவைக் கரைத்து, அந்த நீரை உறிஞ்சுகிறது. பாக்டீரியா இறங்குவது அப்போதுதான். தாய்க்கு இருக்கிற கிருமி முட்டை வழியாகவே குஞ்சுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடுவதால், ஓர் இடத்தில் கிருமியுள்ள சிகர் குடியேறிவிட்டால் அந்த இடம் பல தலைமுறைக்கு நோயிடமாகவே இருக்கும். ஊர் முழுக்கச் சமமாகவும் பரவியிருக்காது. ஒரு கண்மாய்க்கரையில் நூறடிக்குள் கொத்தாக இருக்கும், அடுத்த கரையில் ஒன்றுகூட இருக்காது. எலி நடமாட்டமும் ஈரமும் புல்லும் சீமைக்கருவேலம் புதரும் சேருகிற ஓரங்கள்தான் அதற்கு ஏற்ற இடம்.

அந்த ஓரங்களில் யார் புழங்குகிறார்கள் என்று பாருங்கள். மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிற பெண்கள், களை பறிக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், நூறு நாள் வேலையில் வாய்க்கால் ஓரத்துப் புதரை வெட்டுகிறவர்கள், கழிப்பறை இல்லாமல் கருவேலங்காட்டுக்குள் ஒதுங்குகிறவர்கள். புல் நுனியில் காத்திருக்கிற சிகர், நாம் உரசிக்கொண்டு நடக்கும்போது ஏறி, மேல்நோக்கி ஊர்ந்துகொண்டே போகும். உடுப்பு இறுக்கிப் பிடிக்கிற இடத்திலோ, தோல் மடிந்து ஈரமாக இருக்கிற இடத்திலோ நின்றுவிடும். பாவாடை நாடா கட்டுகிற இடம், அரைஞாண் கயிற்றின் கீழ், மார்பின் அடிப்பக்கம், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம்.

கடிபட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். சிலருக்கு மூன்று வாரம்வரை ஆகும். அதற்குள் கடித்த இடத்தில் சின்னப் பரு ஒன்று எழும்பி, உடைந்து, கருப்புப் பொருக்காகக் காய்ந்திருக்கும். சுற்றிலும் சிவந்த விளிம்பு இருக்கும். பார்த்தால் பீடியால் சுட்ட புண் மாதிரி இருக்கும். வலிக்காது, அரிக்காது. வலிக்காத புண்ணை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்? அது இருக்கிற இடமோ, சட்டையைக் கழற்றினாலொழியத் தெரியாத இடம். ஆண்களுக்குப் பெரும்பாலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பை ஒட்டியும் வருகிறது. பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற இடம் இதுதான். அறுபது வயது அம்மா ஒருவர் கூட்டமான புறநோயாளிப் பிரிவில் நின்றுகொண்டு ரவிக்கைக்குள் இருக்கிற புண்ணைக் காட்டுவாரா? நூறு பேரைப் பார்த்தாக வேண்டிய மருத்துவருக்கு அதைத் தேட நேரம் இருக்குமா? மறைவான இடத்தில் வைத்து, செவிலியர் ஒருவர் 'அக்குள்ல, மாருக்குக் கீழ, இடுப்புல எங்கயாச்சும் கருப்பாப் பொருக்குத் தட்டியிருக்காம்மா?' என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கும் முன்னால் வீட்டிலேயே மகளோ மருமகளோ குளிக்க வைக்கும்போது பார்த்துவிடலாம். பார்த்ததைக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மடிப்புக்குள் ஈரமான இடமாக இருந்தால் பொருக்குத் தட்டாமல் வெறும் மஞ்சள் நிறப் புண்ணாகவும் இருக்கும், அதையும் விட்டுவிடக் கூடாது. எல்லா நோயாளிக்கும் புண் இருக்காது என்பதும் உண்மை. இல்லாததால் நோயே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. இருந்தால், சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

மற்றபடி அறிகுறிகளை வைத்து மட்டும் பிரித்தறிவது கடினம். கடும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி, உடம்புவலி, வாந்தி, இருமல். ரத்தத்தில் தட்டணுக்களும் குறையும். அதனால் டெங்கு என்று நினைக்கத் தோன்றும். டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் 'வைரல்' என்று எழுதிவிடுவதும் உண்டு. விடால் என்ற பழைய டைபாய்டு சோதனை வேறு காரணங்களாலும் 'பாசிட்டிவ்' காட்டக்கூடியது. அதை நம்பி டைபாய்டுக்கான ஊசிகள் போட்டால் நாட்கள்தான் போகும். ஸ்க்ரப் டைபஸுக்கென்று உள்ள ஐஜிஎம் எலைசா சோதனை உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பார்ப்பது. முதல் ஐந்தாறு நாட்களில் அதுகூடத் தெரியாமல் போகலாம். ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள். சரியான முறை அதுதான்.

'மூணு ஊசி போட்டும் காய்ச்சல் நிக்கலை' என்பதற்கான காரணம் பாக்டீரியா ஒளிந்திருக்கிற இடத்தில் இருக்கிறது. நம் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரில் உள்ள செல்களுக்குள் இது நுழைந்துகொள்கிறது. நுழையும்போது தன்னை அடைத்துவைக்கிற பையை உடைத்து வெளியேறி, செல்லின் உட்கருவுக்கு அருகே போய்ப் பெருகுகிறது. பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகள் பாக்டீரியாவின் வெளிச்சுவர் கட்டப்படுவதைத் தடுத்துக் கொல்பவை. ஓரியன்ஷியாவுக்கு அந்தச் சுவர்ப்பொருள் மிகமிகக் குறைவு. போதாததற்கு அது நம் செல்லுக்குள் இருக்கிறது. டாக்சிசைக்ளின் வேறு வழியில் வேலை செய்கிறது. செல்லுக்குள் புகுந்து, பாக்டீரியா புரதம் தயாரிப்பதையே நிறுத்துகிறது.

வளர்ந்தவர்களுக்கு வழக்கமாகத் தருவது 100 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாள். பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் வேறு நோயும் இருக்கிறதா என்று தேட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருகிறார்கள். டாக்சிசைக்ளின் மாத்திரையை நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்த நிலையில் விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரையையும் பாலையும் அதோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. காய்ச்சல் விட்டதே என்று மூன்றாம் நாள் நிறுத்துவதும், மருந்துக்கடையில் கேட்டுத் தானாக வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

நாள் தள்ளினால் என்ன ஆகும்? ரத்தக்குழாயின் சுவர் அழன்று, உள்ளிருக்கும் நீர் வெளியே கசியத் தொடங்கும். நுரையீரலில் கசிந்தால் மூச்சுத்திணறல். மூளையைத் தொட்டால் பிதற்றல், மயக்கம், வலிப்பு. சிறுநீரகமும் கல்லீரலும் செயலிழக்கலாம். இதெல்லாம் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் நடக்கும். அந்த நிலையில் மாத்திரை போதாது. மூச்சு வாங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மதுரை பெரியாஸ்பத்திரி போன்ற தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கடுமையான நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் ஒன்றாக நரம்பில் ஏற்றுவது, இரண்டில் ஒன்றை மட்டும் தருவதைவிட நல்ல பலன் தருகிறது என்பதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு அது.

இதற்கு மருந்து கிடைத்த கதையிலும் நம் பக்கத்து ஆட்கள் ஒரு காலத்தில் பிழைக்கப் போன மண் வருகிறது. மலேயாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டக் கூலிகளை 1920களிலேயே இந்தக் காய்ச்சல் வாட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் சிப்பாய்கள் பலரை வீழ்த்தியது. கடைசியில் 1948இல், கோலாலம்பூரில்தான், குளோராம்பெனிகால் என்ற மருந்து இந்த நோயைக் குணமாக்கும் என்று நோயாளிகளிடம் நிரூபித்தார்கள்.

தடுப்பூசி இன்னும் இல்லை. கிருமியில் வகைகள் ஏராளம். ஒன்றுக்கு எதிராக உடம்பில் உருவாகும் எதிர்ப்பு இன்னொன்றைத் தடுப்பதில்லை. அதனால் ஒருமுறை வந்து குணமானவருக்கும் திரும்ப வரலாம். ஆளுக்கு ஆள் தொற்றாது என்பதால் நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை, அவர் தட்டையும் டம்ளரையும் பிரிக்க வேண்டியதில்லை. காட்டு வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டு, மடிப்புகளையெல்லாம் தேய்த்துக் குளித்து, வேலைக்குப் போட்ட உடுப்பை மாற்றிவிட வேண்டும். ஏறின சிகர் உடனே ஒட்டுவதில்லை என்பதால் இதற்கு நல்ல பலன் உண்டு. அழுக்கு உடுப்போடு தூங்கக் கூடாது. துவைத்த துணியைப் புல்மேலும் வேலிப்புதர்மேலும் காயப்போடாமல் கொடியில் போடுவதும், மதியக் கஞ்சிக்கு உட்காரும்போது வெறும் புல்லில் சாயாமல் சாக்கு விரித்து உட்காருவதும் செலவில்லாத காரியங்கள். மருத்துவரிடம் போகிறபோது, காய்ச்சலுக்கு முந்தைய மூன்று வாரத்தில் எந்தப் புல்லில், எந்தப் புதரில் வேலை பார்த்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.