சேர்த்துவைக்க முடியாத அரைமணி நேரம்

கடந்த வாரமும் ஒரு தையல் தொழிலாளி, ஊசி ஏறிய விரலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். மதிய இடைவேளையில் ஓய்வெடுக்காமல் தைத்தால் மாலையில் அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். வீட்டில் குழந்தை காத்திருப்பதால் அவரும் சம்மதித்திருக்கிறார். திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு, இந்தப் பேரத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

ஓய்வு என்பது, சீட்டுப் பணத்தைப் போலச் சேர்த்துவைத்துக் கடைசியில் மொத்தமாக எடுத்துக்கொள்ளக்கூடியது அன்று. குனிந்தபடியே தைக்கும்போது கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் இறுகியே நிற்பதால் அவற்றில் இரத்த ஓட்டம் குறைகிறது. இடையில் சில நிமிடங்கள் தளர்த்தினால் எளிதில் மீளும் அந்தத் தசை, நாள் முழுவதும் இறுகிக் கிடந்த பின் மாலையில் கிடைக்கும் அரைமணி நேரத்தில் மீண்டுவிடாது. கவனமும் அப்படித்தான்: அது சிதறிய பிறகு விரல் ஊசிக்கு அடியில் போய்விடுகிறது, அதன்பின் சீக்கிரம் வீட்டுக்குப் போய் என்ன பயன்? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 55-ஆவது பிரிவில், குறைந்தது அரைமணி நேர ஓய்வு தராமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று வகுத்தது இதற்காகத்தான். வேலையின் நடுவே தரவேண்டியதை முடிவில் தருவது ஓய்வாகாது. பத்து நிமிட டீ நேரமும் அந்த அரைமணிக்கு ஈடாகாது.

களைப்புத் தெரியும்போது எழுந்துகொள்கிறேன் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். களைப்பை நீங்கள் உணர்வதற்கு முன்பே கை தடுமாறத் தொடங்கிவிடுகிறது என்பதால்தான் இடைவேளைக்கு மணி அடிக்கிறார்கள்.

மணி அடித்ததும் மெஷினை அணைத்துவிட்டு எழுந்திருங்கள். உட்கார்ந்து தைப்பவர்கள் சற்று நடங்கள். செக்கிங்கில் நிற்பவர்கள் உட்காருங்கள். கழிப்பறைக்குப் போகவேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண்களை ஏராளமாகப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து தண்ணீர் குடியுங்கள். தைத்த துண்டுக்கு இவ்வளவு கூலி என்ற பீஸ் ரேட்டில் ஓடும் பவர்டேபிள் தையல் கூடங்களில் தொழிலாளர்களே இடைவேளையை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று காரணம் சொல்லும் சூப்பர்வைசர்கள், அந்த நேரத்தில் லைனுக்கான மின்சாரத்தையே நிறுத்திவிடலாம். விரல்கள் மரத்துப்போனாலோ, தோள்வலியால் இரவில் விழிப்பு வந்தாலோ, ஆர்டர் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டிவிடுங்கள்.