இலவச வக்கீல் யாருக்கு? செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கேட்டது

எங்கள் ரோட்டரி சங்கத்தில் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை இரவு கூட்டம். மணி அடித்து ஆரம்பித்து, பிறந்தநாள், கல்யாண நாள் வாழ்த்தெல்லாம் சொல்லி முடித்து, விருந்தினர் பேச எழும்போது பாதிப் பேருக்கு மனசு சாப்பாட்டுப் பந்தியில்தான் இருக்கும். போன வாரம் அப்படி ஆகவில்லை. வந்தவர் ஒரு பெண் வக்கீல், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பேனலில், அதாவது இலவச வழக்குகளுக்காக அவர்கள் வைத்திருக்கும் வக்கீல் பட்டியலில் இருப்பவர். தலைப்பு இலவச சட்ட உதவி. அவர் கேட்ட முதல் கேள்விக்கே நாற்பது பேரும் தப்பாகப் பதில் சொன்னோம்.

"மாசம் ரெண்டு லட்சம் சம்பளம் வாங்குற ஒரு டாக்டரம்மா, அவங்களுக்கு அரசாங்கச் செலவுல வக்கீல் உண்டா?" கிடையாது என்று மொத்த ஹாலும் சொன்னது. உண்டு என்றார் அவர். அதிலிருந்து பேச்சு சூடு பிடித்தது. ரோட்டரியை 1905-ல் சிகாகோவில் ஆரம்பித்த பால் ஹாரிஸும் ஒரு வக்கீல்தான் என்று எங்கள் செயலாளர் நடுவில் ஒரு தகவலைச் சொருகினார். யாரும் கண்டுகொள்ளவில்லை, ஆனாலும் குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வராதவர்களுக்காகவும், வந்தும் வடையில் கவனமாக இருந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இதன் வேர் அரசியல் சட்டத்தின் 39-ஏ பிரிவு. 1976-ல் சேர்த்தார்கள். பணம் இல்லை என்ற காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்கு அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது. எழுதி வைத்ததோடு சரி, அதை நடத்துவதற்கான சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-ல்தான் நிறைவேறியது, நடைமுறைக்கு வர 1995 நவம்பர் 9 ஆகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 9-ஐச் சட்டப்பணிகள் தினம் என்று கொண்டாடுவது அதனால்தான்.

அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவுதான் நமக்கு வேண்டியது. யார் யாருக்கு இலவச வக்கீல் என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், சிறையிலோ காவலிலோ இருப்பவர்கள், ஆள் கடத்தலுக்கும் கொத்தடிமை வேலைக்கும் ஆளானவர்கள், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், ஆலை விபத்து, சாதி வன்கொடுமை போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள். இவர்கள் யாருக்கும் வருமான வரம்பே கிடையாது. டாக்டரம்மா விஷயம் இப்போது புரிந்திருக்கும். அவர் பெண், அது போதும்.

இந்தப் பட்டியலில் எதிலும் வராதவர்களுக்குத்தான் வருமானக் கணக்கு. தமிழ்நாட்டில் கீழ்க்கோர்ட்டுகள் முதல் ஹைகோர்ட் வரை ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்துக்குப் போவதானால் 5 லட்சம். அதற்கும் தாசில்தார் ஆபீஸில் போய்க் காத்துக் கிடக்க வேண்டும் என்றில்லை. என் வருமானம் இவ்வளவுதான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும், சந்தேகப்படக் காரணம் இருந்தால் ஒழிய அதையே போதுமானதாக ஏற்றுக்கொள்ளலாம் என்று 13-வது பிரிவே சொல்கிறது. பொய்யாக எழுதிக் கொடுத்து அது தெரிந்தால் கொடுத்த உதவியைப் பாதியில் நிறுத்திவிடலாம், அது வேறு.

இலவசம் என்றால் எது வரைக்கும்? வக்கீல் ஃபீஸ் மட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோர்ட் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, மனு தயாரித்து டைப் அடிக்கும் செலவு, தீர்ப்பு நகல் வாங்கும் செலவு, ஆவணங்களை மொழிபெயர்க்கும் செலவு எல்லாமே இதில் அடக்கம். சொத்து வழக்கில் மாட்டியவர்களுக்குத் தெரியும், வக்கீல் ஃபீஸைவிடக் கோர்ட் கட்டணம்தான் பல நேரம் ஆளை உட்கார வைத்துவிடும். ஒரு முக்கியமான விஷயம்: பேனல் வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "ஃபைலுக்கு ஐநூறு, குமாஸ்தாவுக்கு இருநூறு" என்றெல்லாம் யாராவது கேட்டால் நேராக ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். பேனல் வக்கீலுக்கான ஃபீஸை ஆணைக்குழு கொடுக்கிறது.

எங்கே போவது? பக்கத்தில் எந்தக் கோர்ட் வளாகம் இருக்கிறதோ அங்கே. தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு, மாவட்டத் தலைநகரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, அதற்கு மேல் சென்னையில் மாநில ஆணைக்குழு. மாவட்டத்துக்குத் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி, அன்றாட வேலையைப் பார்ப்பவர் செயலாளராக இருக்கும் இன்னொரு நீதிபதி. அரசியல் கட்சிக்காரர்கள் கையில் இருக்கும் விஷயமில்லை, கோர்ட்டின் கையில் இருப்பது. இது பலருக்குத் தெரியாமல் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், அங்கே இருக்கும் வக்கீலோ சட்டத் தன்னார்வலரோ எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தின் மேல் அதிகபட்சம் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடியாது என்றால் மேலே முறையிடலாம். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் கிடையாது.

காவலில் இருப்பவர்கள் பற்றி வக்கீலம்மா கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள், தாங்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்குக் கிடைக்கக்கூடிய முழுத் தண்டனையைவிட அதிக காலம் உள்ளே கிடந்திருக்கிறார்கள், வழக்கோ ஆரம்பிக்கவே இல்லை. இலவச சட்ட உதவி வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் அப்போது சொன்னது. 1980-ல், முதல் முறை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போதே அந்த உரிமை வந்துவிடுகிறது என்றது. 1986-ல் சுக் தாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், கைதி கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, இப்படி ஒரு உரிமை உண்டு என்று கைதிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை என்றது. வக்கீல் இல்லாமல் நடந்த அந்த விசாரணையில் கொடுத்த தண்டனையையே ரத்து செய்தார்கள். ஆகவே சொந்தக்காரப் பையன் ஒருவனை ராத்திரியில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், மறுநாள் காலையில் ரிமாண்டுக்குக் கொண்டு வருகிறார்கள், கையில் காசில்லை என்றால், கோர்ட்டிலேயே "எனக்கு லீகல் எய்டு வக்கீல் வேணும்" என்று அவன் வாய் திறந்து சொன்னால் போதும். கிரிமினல் வழக்குகளுக்கென்றே 2022-ல் இருந்து பல மாவட்டங்களில் முழு நேர வக்கீல்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். அவர்கள் தனியாக வேறு கேஸ் எடுப்பதில்லை.

கேள்வி நேரம் வந்ததும் எங்கள் பில்டிங் கான்ட்ராக்டர் எழுந்து எல்லார் மனசிலும் இருந்ததைக் கேட்டுவிட்டார். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க, சும்மா கிடைக்கிற வக்கீல் சும்மாதானே வாதாடுவாரு?" அவர் சிரித்தார், மழுப்பவில்லை. பேனலில் எல்லா மாதிரியும் இருக்கிறார்கள், ஒரு வழக்குக்குக் கிடைக்கும் தொகை குறைவு, சிலர் வாய்தா வாங்கியே ஓட்டுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் காசு கொடுத்து வைத்த வக்கீலும் வாய்தா வாங்குகிறார், அதைத் தட்டிக் கேட்க உங்களுக்கு எந்த இடமும் கிடையாது, இங்கே ஒரு இடம் இருக்கிறது என்றார். கொடுத்த வக்கீல் சரியில்லை என்றால் காரணத்தை எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பேனல் வக்கீல் ஆணைக்குழுவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அதைக் கண்காணிக்க ஒரு குழுவும் உண்டு. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நடைமுறையில் எழுதிக் கொடுக்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும் என்பது வேறு கேள்வி.

அப்புறம் மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத். இங்கே தீர்ப்பு என்று ஒன்று கிடையாது, சமரசம்தான். பதவியில் இருக்கும் அல்லது ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், கூட ஒரு வக்கீல், ஒரு சமூக சேவகர் என்று உட்காருவார்கள். அந்த மூன்றாவது நாற்காலிக்கு எங்களைப் போன்ற சங்கத்துக்காரர்களையும் கூப்பிடுவதுண்டு. மோட்டார் விபத்து இழப்பீடு, பேங்க் கடன், செக் திரும்பிய வழக்கு, ஜீவனாம்சம், பாகப்பிரிவினை எல்லாம் வரும். சமரசம் செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்காத கிரிமினல் குற்றங்கள் வராது.

இதன் லாபம் என்னவென்றால், கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் வழக்கு இங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இங்கே போடும் உத்தரவுக்கு சிவில் கோர்ட் தீர்ப்பாணையின் பலம் உண்டு, எதிராளி பேசியபடி பணம் கட்டாவிட்டால் நிறைவேற்று மனு போட்டு வாங்கலாம். அதே சமயம் இதில் ஒரு கொக்கியும் இருக்கிறது, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை நன்றாக மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: அப்பீல் கிடையாது. வீட்டுக்குப் போய் மச்சான் சொன்னார், மாமா சொன்னார், குறைத்துப் பேசிவிட்டோம் என்று திரும்பி வர முடியாது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் ஹைகோர்ட்டில் ரிட் போடலாம். விபத்து வழக்குகளில் இப்படிக் குறைத்துப் பேசிவிட்டு வருந்துவது அடிக்கடி நடக்கிறது. கால் போனவர், வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லும் முதல் தொகைக்கே தலையாட்டிவிடுகிறார். தலையாட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஒத்துவரவில்லை என்றால் வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே போய்விடும், மறுத்ததற்காக எந்தப் பாதகமும் வராது.

பேங்கில் இருந்து லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால் போலீஸே வந்துவிட்டது போல நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது பேச வரச் சொல்லும் கடிதம், அவ்வளவுதான். வழக்கே போடாத கட்டத்தில்கூட இப்படிக் கூப்பிடலாம். போனால் வட்டியைக் குறைத்துப் பேச ஒரு வாய்ப்பு.

நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று இன்னொன்று இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மின்சாரம், தண்ணீர், தபால், தொலைபேசி, பஸ் ரயில், ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் மாதிரியான பொதுச் சேவைகள் சம்பந்தப்பட்ட தகராறுக்கானது அது, 1 கோடி ரூபாய் மதிப்பு வரை. வழக்கு கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே அங்கே போக வேண்டும். சமரசம் ஆகாவிட்டால் அவர்களே விசாரித்து முடிவும் சொல்லிவிடலாம், அந்த முடிவுக்கும் அப்பீல் கிடையாது. அங்கே மனு கொடுத்த பிறகு அதே தகராறுக்கு வேறு கோர்ட்டுக்குப் போகவும் முடியாது. யோசித்துப் போக வேண்டிய இடம்.

கூட்டம் முடிந்து எல்லாரும் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, எங்களுக்கு வாரா வாரம் சமையல் செய்து கொண்டு வரும் அக்கா சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வக்கீலம்மாவிடம் வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, எனக்கு ஓட்டு வீடு சொந்தமா இருக்கு, அப்போ கிடைக்காதுல்ல?" என்றார். பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், அந்த ஒரு சந்தேகத்தை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். விஷயம் இதுதான். அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய இடம், உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அண்ணன் தம்பி இரண்டு பேரும் பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றப் பார்க்கிறார்கள். கல்யாணத்தில் நகை போட்டாச்சே, இனி உனக்கென்ன என்கிறார்களாம்.

வக்கீலம்மா வீட்டைப் பற்றியோ சமையலில் என்ன வருகிறது என்றோ கேட்கவே இல்லை. "நீங்க பொம்பளைதானே அக்கா? போதும்" என்றார். மகளுக்கும் மகனுக்கு உள்ள அதே பங்கு உண்டு, நகை போட்டதால் அது போய்விடாது என்றும் சொன்னார். பிறகு ஒரு பேப்பர் நாப்கினில் எழுதிக் கொடுத்தார்: ஆதார், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல் இருந்தால் அது, இல்லையென்றால் சர்வே எண் மட்டும்.

அக்கா வியாழக்கிழமையே கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். நுழைந்ததும் இடது பக்கம் ஒரு சின்ன அறை, மேஜைக்குப் பின்னால் ஒரு பெண், சுவரில் 15100 என்று பெரிதாக ஒட்டிய தாள். ஒரே பக்க விண்ணப்பம். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதி, கடைசியில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாராம். முதலில் அண்ணன் தம்பிக்கு நோட்டீஸ் அனுப்பிப் பேசக் கூப்பிடுவார்கள், ஒத்துவராவிட்டால்தான் பாகப்பிரிவினை வழக்கு. வாரிசுச் சான்று மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்காக இந்த வாரம் தாலுகா ஆபீஸ் போக வேண்டும், செவ்வாய்க்கிழமை சாப்பாடு கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும் என்று நேற்று போனில் சொன்னார்.